தாமதமான புகார், மறந்துபோன தேதி: பாலியல் வல்லுறவு வழக்கை நீதிமன்றம் எப்படி எடைபோடுகிறது?

"ஏன் அப்பவே சொல்லல?" "என்னைக்கு நடந்துச்சுன்னு சரியா சொல்லு."

பாலியல் வல்லுறவுக்கு ஆளான ஒருவர் வாய் திறந்ததும் வீட்டில் எழும் முதல் இரண்டு கேள்விகள் பெரும்பாலும் இவைதான். நீதிமன்றத்திலும் இதே கேள்விகள் வரும். ஆனால் வீட்டில் இவற்றைக் கேட்கும் விதம் வேறு, நீதிமன்றம் பதில் தேடும் விதம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால், "ரொம்ப லேட்டாயிடுச்சு, இனிமே யார் நம்புவாங்க?" என்று நினைத்து, போலீஸ் நிலையம் போகாமலே இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ தம்பிக்கோ இப்படி ஒரு நிலை வந்தால், சட்டம் உண்மையில் என்ன பார்க்கிறது என்பதை இந்த விளக்கக் கட்டுரை சொல்கிறது.

சுருக்கமாக

• மலேசியாவில் பாலியல் வல்லுறவுக் குற்றத்துக்கு வழக்குத் தொடர கால வரம்பு கிடையாது.

• புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக வழக்கு தோற்றுவிடாது. தாமதம் ஏன் என்று நீதிமன்றம் கேட்கும். அந்தப் பதில் மற்ற சாட்சியங்களோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்கும்.

• சரியான நாள் தெரியாவிட்டால், "இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில்" என்று குற்றச்சாட்டு வரையலாம்.

• உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தேதி திரும்பத் திரும்ப மாறினால், அல்லது குற்றம் சாட்டப்பட்டவர் தன்னைத் தற்காக்கவே முடியாத அளவுக்கு அது மொட்டையாக இருந்தால், வழக்கு ஆட்டம் காணும்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஓர் உதாரணம்

இது முழுக்க முழுக்கக் கற்பனை. சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள மட்டும்.

ஜொகூர், குளுவாங் மாவட்டத்தில் உள்ள சிம்பாங் ரெங்கம். அங்கே ஒரு தாமானில் வசிக்கும் மாணவி. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அப்பா லாரி ஓட்டுநர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும், 'மாமா' என்று கூப்பிடும் உறவினர் ஒருவர் அந்த மாணவியைப் பாலியல் வல்லுறவு செய்கிறார். மாணவி யாரிடமும் சொல்லவில்லை.

2021-இல், 17 வயதில், பள்ளி ஆலோசக ஆசிரியையிடம் முதன்முதலாகச் சொல்கிறார். எப்போது நடந்தது என்று கேட்டால் அவருக்கு நினைவில் இருப்பது இவ்வளவுதான்: "2019 தீபாவளி முடிஞ்சிருச்சு. எம்சிஓ இன்னும் வரல. அம்மாவுக்கு அன்னைக்கு நைட் ஷிஃப்ட்."

சம்பவத்துக்கும் புகாருக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் இடைவெளி. தேதியும் தெரியாது. இந்த வழக்கு நிற்குமா?

முதலில், தாமதம்

மலேசியாவில் குற்றவியல் வழக்குகளுக்குப் பொதுவான கால வரம்பு இல்லை. அதனால் பத்து ஆண்டு கழித்தும் பாலியல் வல்லுறவுப் புகார் கொடுக்கலாம், வழக்கும் தொடரலாம். கேள்வி, அந்தச் சாட்சியத்துக்கு எவ்வளவு எடை என்பதுதான்.

பழைய சட்டச் சிந்தனை இதில் கடுமையாக இருந்தது. உண்மையில் பாதிக்கப்பட்ட பெண் என்றால் உடனே கூச்சலிடுவாள், முதலில் பார்க்கும் ஆளிடம் சொல்லி அழுவாள் என்று அது எதிர்பார்த்தது. நமது 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் அதன் சுவடு இன்னும் இருக்கிறது. ஒருவருடைய நடத்தை எப்போது பொருத்தமான சான்றாகும் என்று சொல்வது 8-ஆவது பிரிவு. பாலியல் வல்லுறவு நடந்த சற்று நேரத்தில் பாதிக்கப்பட்டவர் முறையிட்டால், அந்த முறையீடும் அதைச் செய்த சூழ்நிலையும் வழக்குக்குப் பொருத்தமானவை என்று அந்தப் பிரிவே ஓர் உதாரணம் தருகிறது.

இதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்? உடனே சொன்னால் அது அரசு தரப்புக்கு ஒரு பலம். உடனே சொல்லாவிட்டால் பொய் என்று அர்த்தம் இல்லை. இரண்டும் ஒன்று மாதிரி தோன்றும், ஆனால் சட்டத்தில் இவை இரு வேறு விஷயங்கள்.

157-ஆவது பிரிவும் இங்கே வருகிறது. ஒரு சாட்சி முன்பு சொன்னதை, இப்போது நீதிமன்றத்தில் சொல்வதற்கு ஆதரவாகக் காட்ட அது அனுமதிக்கிறது. அந்த முன்கூற்று சம்பவம் நடந்த சமயத்தை ஒட்டிச் சொல்லப்பட்டிருக்க வேண்டும், அல்லது அதை விசாரிக்கச் சட்டப்படி அதிகாரம் உள்ளவரிடம் சொல்லப்பட்டிருக்க வேண்டும். தாமதமாகக் கொடுத்த போலீஸ் புகார் இந்த இரண்டாவது வகையில் வரக்கூடும். ஆனால் ஒருவர் தனக்குத் தானே சாட்சி சொல்வது போன்றதுதான் இது. அதனால் எடை குறைவு.

"ஏன் சொல்லல?" என்ற கேள்விக்கு எந்தப் பதிலை நீதிமன்றம் ஏற்கும்?

இதற்குப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு வழக்காகத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் உண்டு: மிரட்டல், குற்றவாளியை நம்பியே குடும்பம் வாழ்வது, குடும்ப மானம் போய்விடும் என்ற பயம், நடந்தது என்னவென்றே புரியாத சின்ன வயது, ஏற்கெனவே ஒருவரிடம் சொல்லி அவர் நம்பாமல் போனது.

இந்தியாவின் ஒரு தீர்ப்பு இங்கே நல்ல பாடம். நமது சாட்சியச் சட்டமும் இந்தியாவின் பழைய சாட்சியச் சட்டமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதனால் இந்தியத் தீர்ப்புகளை நம் நீதிமன்றங்களிலும் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுவது உண்டு.

1984-இல் பஞ்சாபில், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டுத் தாய்மாமன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 16 வயது நிரம்பாத ஒரு மாணவி கடத்தப்பட்டுக் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அடுத்த நாள் தேர்வு மையத்தில் ஆசிரியைகளிடமோ தோழிகளிடமோ அவர் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போன பிறகு அம்மாவிடம்தான் சொன்னார். அப்பா முதலில் போனது போலீசிடம் அல்ல, ஊர்ப் பஞ்சாயத்திடம். அங்கே நியாயம் கிடைக்காத பிறகே புகார். விசாரணை நீதிமன்றம் இந்தத் தாமதத்தையும் ஒரு குறையாக எடுத்துக்கொண்டு குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது.

1996 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பஞ்சாப் அரசு எதிர் குர்மித் சிங் என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இப்படிப்பட்ட வழக்குகளில் குடும்பம் தயங்குவது இயல்பு, பெண்ணின் பெயரையும் குடும்ப மானத்தையும் யோசித்து நிதானமாக முடிவெடுத்த பிறகே புகார் கொடுப்பார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. தோழிகளிடம் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்றும் கூறியது.

தமிழ்நாட்டின் வாச்சாத்தி வழக்கு இன்னும் கடுமையான ஓர் உண்மையைக் காட்டுகிறது. 1992 ஜூன் 20-ஆம் தேதி, தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடி மலைக்கிராமத்துக்குள் சந்தனக்கட்டை தேடி வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை அதிகாரிகள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். பெண்கள் பலர் சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள். புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்ததே குற்றம் சாட்டப்பட்டவர்களின் துறைகள்தான் என்றால் புகார் எப்படி உடனே வரும்? 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே சிபிஐ விசாரணை வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அப்போது உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வல்லுறவுக் குற்றம் உறுதியானது. சரியாக 12 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் நீதிமன்றங்களும் இதே வழியில்தான் போகின்றன. பாதிக்கப்பட்டவர் உடனே புகார் கொடுக்க வேண்டும் என்று பொது விதி எதுவும் இல்லை, தாமதத்துக்கான விளக்கத்தை வழக்குக்கு வழக்கு ஆராய வேண்டும் என்பதே அங்குள்ள நிலை. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி மேலே போனது. பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று எந்த விதியும் கிடையாது, எனவே தாமதம் மட்டுமே ஒருவருடைய நம்பகத்தன்மைக்கு எதிரான காரணம் ஆகாது என்றது.

நம் சிம்பாங் ரெங்கம் மாணவிக்கு வருவோம். "மாமா பேரைச் சொன்னா அம்மாவும் பாட்டியும் சண்டை போட்டுப் பிரிஞ்சிருவாங்கன்னு பயந்தேன்" என்கிறார். இது ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனால் நீதிமன்றம் அத்தோடு நிற்காது. அவர் அந்த உறவினரைத் தவிர்க்கத் தொடங்கினாரா? மதிப்பெண் சரிந்ததா? 2021-இல் சொல்ல வைத்தது எது? அதே நேரத்தில் இரு குடும்பத்துக்கும் சொத்துத் தகராறு ஏதாவது இருந்ததா? கடைசிக் கேள்வியை எதிர்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார். கேட்கவும் வேண்டும்.

தாமதத்தால் உண்மையில் இழப்பது என்ன?

தாமதம் வழக்கைக் கொல்லாது என்பது உண்மை. ஆனால் அது சாட்சியங்களைத் தின்கிறது. டிஎன்ஏ தடயங்கள் சில நாட்களுக்கு மேல் உடலில் தங்காது. காயங்கள் ஆறிவிடும். சிசிடிவி பதிவுகள் மேல் புதிய பதிவுகள் ஏறிவிடும். போன் மாறும், வாட்ஸ்அப் அரட்டை அழியும்.

அதனால்தான் தாமதமான வழக்குகளில் பாரம் முழுவதும் பாதிக்கப்பட்டவரின் வாய்மொழி மீது விழுகிறது. அந்த வாய்மொழி மட்டும் போதுமா?

வளர்ந்தவர்கள் வழக்கில், துணைச் சான்று கட்டாயம் என்று மலேசியச் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் நீண்டகால நடைமுறை ஒன்று உண்டு. துணைச் சான்று இல்லாமல் ஒருவரைத் தண்டிப்பதில் உள்ள ஆபத்தை நீதிபதி மனத்தில் வைத்திருந்தார் என்பது தீர்ப்பில் தெரிய வேண்டும். அப்போது நமது வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 1960-களில் சியூ நாங் ஹோங் வழக்கில் இதை வலியுறுத்தியது. துணைச் சான்று என்று விசாரணை நீதிபதி நம்பியது உண்மையில் துணைச் சான்றே அல்ல என்று கண்டு, அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

சிறார் வழக்குகளில் சட்டம் மாறிவிட்டது. 2017 ஜூலை 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, துணைச் சான்று இல்லாமலே சிறாரின் சாட்சியத்தை வைத்து நீதிமன்றம் தண்டிக்கலாம் என்கிறது. 'தண்டிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். தண்டித்தே ஆக வேண்டும் என்று இல்லை. சாட்சியம் நம்பும்படியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. இந்தச் சட்டத்தில் சிறார் என்றால் 18 வயதுக்கு உட்பட்டவர்.

அடுத்து, தேதி

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 153-ஆவது பிரிவு, குற்றச்சாட்டில் நேரமும் இடமும் இருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு துல்லியமாக? தன் மீது என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்று அந்த நபருக்குத் தெரியும் அளவுக்கு, நியாயமாகப் போதுமான அளவுக்கு. அவ்வளவுதான். நிமிடக் கணக்கு கேட்கவில்லை.

குற்றச்சாட்டில் பிழை இருந்தால்? 156-ஆவது பிரிவு பதில் சொல்கிறது. அந்தப் பிழையால் குற்றம் சாட்டப்பட்டவர் உண்மையில் தவறாக வழிநடத்தப்பட்டிருந்தால் ஒழிய, அதைப் பெரிதாக எடுக்கக் கூடாது. விசாரணை நடக்கும்போதே குற்றச்சாட்டைத் திருத்த 158-ஆவது பிரிவு வழிவிடுகிறது. அப்படித் திருத்தினால் அதை மறுபடி வாசித்துக் காட்ட வேண்டும். சாட்சிகளைத் திரும்ப அழைத்து விசாரிக்கவும் இடம் உண்டு.

பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் மற்ற நாடுகளிலும் இது பழைய விதி. தேதி குற்றத்தின் இன்றியமையாத பகுதியாக இல்லாதவரை, குற்றச்சாட்டில் உள்ள தேதி அப்படியே நிரூபணமாக வேண்டியதில்லை என்று இங்கிலாந்தில் 1918-இல் டோஸி வழக்கில் தீர்ப்பானது.

ஆகவே நம் மாணவியின் வழக்கில் அரசு தரப்பு இப்படி எழுதலாம்: "2019 அக்டோபர் 28-ஆம் தேதிக்கும் 2020 மார்ச் 17-ஆம் தேதிக்கும் இடையில்." ஏன் இந்த இரண்டு நாட்கள்? 2019 தீபாவளி அக்டோபர் 27. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது 2020 மார்ச் 18. 'தெரியாது' என்று தோன்றிய ஒன்று இப்போது ஐந்து மாதத்துக்குக் குறைவான ஒரு காலமாகச் சுருங்கிவிட்டது.

அம்மாவின் ஷிஃப்ட் பதிவு கிடைத்தால் இன்னும் சுருங்கும். அப்பாவின் லாரிப் பயணப் பதிவு கிடைத்தால் இன்னும் கொஞ்சம். விசாரணை அதிகாரிகள் இப்படித்தான் தேதியை நெருங்குகிறார்கள்: பள்ளி வருகைப் பதிவு, கிளினிக் அட்டை, வாடகை வீட்டுக்கு மாறிய நாள், திருமண ஆல்பம், தைப்பூசம், ஊரில் தண்ணீர் தடைபட்ட வாரம். 2019-இல் அமோனியா மாசால் சிம்பாங் ரெங்கத்தில் குழாய்த் தண்ணீர் தடைபட்டதை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேதியை மறந்தவருக்கும் வாளி தூக்கியது நினைவிருக்கும்.

இதே முறை எதிர்ப்பக்கமும் வெட்டும். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஸ்கூல் லீவு" என்று ஒரு சாட்சி சொல்கிறார் என்று வையுங்கள். 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. சனி, ஞாயிறுக்கு மாறியது 2025 ஜனவரி 1-இல்தான். 2019-இல் சாதாரண ஞாயிற்றுக்கிழமை பள்ளி நாள்! அது பள்ளி விடுமுறைக் காலமா, அல்லது சாட்சி குழம்பிவிட்டாரா என்று கேள்வி வரும். ஒரு சின்னக் குழப்பத்தால் வழக்கு போகாது. ஆனால் பதில் தேவைப்படும்.

தேதி உயிர்நாடியாகும் மூன்று இடங்கள்

ஒன்று, வயது. தண்டனைச் சட்டத்தின் 375-ஆவது பிரிவின்படி, 16 வயதுக்கு உட்பட்ட பெண்ணுடன் உடலுறவு கொள்வது, அவர் சம்மதித்தாலும் பாலியல் வல்லுறவுதான். நம் மாணவி பிறந்தது 2004 ஜனவரி 12 என்று வையுங்கள். அவருக்கு 16 வயது நிறைந்தது 2020 ஜனவரி 12-இல். குற்றச்சாட்டில் உள்ள காலத்துக்கு நடுவில் அந்தப் பிறந்தநாள் வருகிறது! அதற்கு முன் நடந்தது என்று நிரூபித்தால் சம்மதம் பற்றிய பேச்சே இல்லை. நிரூபிக்க முடியாவிட்டால், சம்மதம் இல்லை என்பதையும் அரசு தரப்பு நிரூபிக்க வேண்டும். 'பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்ற சாதாரணக் கேள்வி இங்கே வழக்கின் போக்கையே மாற்றும்.

இரண்டு, எந்தச் சட்டம். சம்பவம் நடந்தபோது இல்லாத குற்றத்துக்கோ, அப்போது இருந்ததைவிடக் கூடுதலான தண்டனைக்கோ ஒருவரை ஆளாக்கக் கூடாது என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 7-ஆவது பிரிவு. அதனால் 2017 ஜூலை 10-க்கு முன்பா பின்பா என்பது சில வழக்குகளில் முக்கியம்.

மூன்று, வேறிடத்தில் இருந்தேன் என்ற தற்காப்பு. "அன்னைக்கு நான் பினாங்குல இருந்தேன்" என்று சொல்ல, 'அன்னைக்கு' என்பது எந்த நாள் என்று தெரிய வேண்டும். இந்தத் தற்காப்பை எடுக்க விரும்புபவர் முன்கூட்டியே அறிவிப்பும் கொடுக்க வேண்டும். ஐந்து மாதம் முழுக்க எங்கே இருந்தோம் என்று யாரால் காட்ட முடியும்?

தேதியால் சரிந்த வழக்கு

இந்த மூன்றாவது விஷயம் மலேசியாவில் மிக அதிகம் பேசப்பட்ட ஒரு வழக்கில் மையமாக இருந்தது. அது பாலியல் வல்லுறவு வழக்கு அல்ல, ஓரினப் புணர்ச்சிக் குற்றச்சாட்டு. ஆனாலும் பாலியல் குற்றங்களில் தேதியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் அதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

முன்னாள் துணைப் பிரதமராக இருந்த, இன்றைய பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் மீது 1998-இல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு அது. முக்கியச் சாட்சி, குடும்பத்தின் முன்னாள் கார் ஓட்டுநர். குற்றச்சாட்டில் முதலில் சொல்லப்பட்ட காலம் 1994 மே. பிறகு அது 1992 மே என்று மாறியது. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட பங்சார் அடுக்குமாடி அப்போது குடியிருக்கத் தயாராகவே இல்லை என்று எதிர்தரப்பு கிளப்பியது. பிறகு குற்றச்சாட்டு மூன்றாவது முறையாக மாறியது: 1993 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஓர் இரவு, 7.45 மணியளவில்.

2000 ஆகஸ்ட் 8 அன்று உயர் நீதிமன்றம் ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2004 செப்டம்பர் 2 அன்று கூட்டரசு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அவரை விடுவித்தது. தேதி பற்றிச் சாட்சி சொன்னவை ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததால் அவரை நம்பத்தக்க சாட்சியாக ஏற்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கண்டனர்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? 'மூன்று மாதத்தில் ஓர் இரவு' என்ற அகலமான காலம் தானாகவே குற்றச்சாட்டைச் செல்லாததாக்கவில்லை. அந்தக் காலத்துக்கு வந்து சேர்ந்த வழிதான் சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைத்தது. தெரியாது என்று சொல்வது ஒன்று. ஒரு வருடத்தை உறுதியாகச் சொல்லி, பிறகு வேறொன்றை உறுதியாகச் சொல்வது வேறொன்று.

பலமுறை நடந்திருந்தால்?

குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமைகளில் இது பெரிய சிக்கல். "வாரா வாரம் நடந்துச்சு" என்பது பாதிக்கப்பட்டவருக்கு முழு உண்மை. ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆவது பிரிவின்படி, ஒவ்வொரு குற்றத்துக்கும் தனித்தனிக் குற்றச்சாட்டு வேண்டும். ஒரே மாதிரியான குற்றங்கள் என்றால், 12 மாதத்துக்குள் நடந்த மூன்றை ஒரே விசாரணையில் சேர்க்க 164-ஆவது பிரிவு அனுமதிக்கிறது.

2017 ஆகஸ்டில் புத்ராஜெயா சிறப்பு நீதிமன்றத்தில் தன் மகளைச் சீரழித்த ஒருவர் மீது 600-க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டது இதனால்தான். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 48 ஆண்டுச் சிறையும் 24 பிரம்படிகளும் விதிக்கப்பட்டன.

எல்லா வழக்கிலும் இப்படிக் கணக்கிட முடியாது. அதனால் அரசு தரப்பு பொதுவாக, தனித்துத் தெரியும் சம்பவங்களைத் தேடும்: முதல் தடவை, கடைசித் தடவை, பிறந்தநாளன்று நடந்தது, அடி விழுந்த நாள், வேறு வீட்டில் நடந்தது. ஒரே மாதிரியான நூறு சம்பவங்களில் எதைப் பற்றிக் குற்றம் சாட்டுகிறோம் என்று நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டும். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1989-இல் ஒரு தண்டனையை ரத்து செய்யக் காரணம் இதுதான். குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றும் ஓராண்டு காலத்தைக் குறித்தன, சாட்சியமோ பல சம்பவங்களைப் பற்றியது. எந்தச் சம்பவத்துக்கு எந்தக் குற்றச்சாட்டு என்று யாருக்கும் தெரியவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம்

இதையெல்லாம் படிக்கும்போது, 'ஏன் இவ்வளவு சிக்கல்? நம்பிட வேண்டியதுதானே?' என்று தோன்றலாம். 376-ஆவது பிரிவின் கீழ் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். கடுமையான சூழ்நிலைகளில் 10 முதல் 30 ஆண்டு வரை. இவ்வளவு பெரிய தண்டனையைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்த பிறகே விதிக்க முடியும். நிரூபிக்கும் பாரம் கடைசி வரை அரசு தரப்பின் மேல்தான் இருக்கிறது.

1963-இல் தீர்ப்பான மாட் எதிர் அரசு தரப்பு என்ற மலேசிய வழக்கு இதை எளிமையாக விளக்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதை நீதிமன்றம் நம்ப வேண்டிய அவசியம் கூட இல்லை. அது நியாயமான ஒரு சந்தேகத்தை எழுப்பினாலே போதும், விடுதலை.

அதனால் ஒருவர் விடுவிக்கப்பட்டார் என்றால் புகார் கொடுத்தவர் பொய் சொன்னார் என்று அர்த்தம் இல்லை. சமூக ஊடகத்தில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். 1995-இலிருந்து நம் நாட்டில் ஜூரி முறையும் இல்லை. நீதிபதியே சாட்சியத்தை எடைபோட்டு, ஏன் நம்பினார் அல்லது நம்பவில்லை என்று காரணம் எழுதுகிறார். அடுத்த முறை தலைப்பை மட்டும் பார்த்துக் கருத்துப் போடும் முன், அந்தக் காரணங்களைத் தேடிப் படியுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

இப்போதுதான் நடந்தது என்றால், முதலில் மருத்துவமனை. அரசாங்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓஎஸ்சிசி எனப்படும் ஒரே இடச் சேவை உண்டு. சிம்பாங் ரெங்கத்தில் இருப்பவர்களுக்குப் பக்கம், குளுவாங்கில் உள்ள என்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை. முடிந்தால் குளிக்காமல், அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் போங்கள். ஏற்கெனவே குளித்திருந்தாலும் போங்கள்.

நாளாகிவிட்டது என்றாலும் புகார் கொடுக்கலாம். எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். காவல் துறையில் பாலியல், பெண்கள், சிறார் வழக்குகளை விசாரிப்பது டி11 பிரிவு.

தேதியை ஊகித்துச் சொல்லாதீர்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும். படிவத்தில் தேதிக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று ஏதோ ஒரு நாளைச் சொல்லிவிட்டால், குறுக்கு விசாரணையில் அதே நாள் உங்களுக்கு எதிராக நிற்கும். "சரியான தேதி ஞாபகம் இல்ல. தீபாவளிக்குப் பிறகு, எம்சிஓவுக்கு முன்ன" என்பது முழுமையான, நேர்மையான பதில். அதையே எழுதச் சொல்லுங்கள்.

புகார் பெரும்பாலும் மலாய் மொழியில் எழுதப்படும். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதுதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகலைப் பத்திரமாக வையுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது.

நினைவுக்கு வருவதை நீங்களே எழுதி வையுங்கள். யார் யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து. பழைய போன், டைரி, மெசேஜ், எதையும் அழிக்காதீர்கள்.

உங்களிடம் ஒருவர் வந்து சொன்னால், கேளுங்கள். ஆனால் 'இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு' என்று ஒத்திகை பார்க்காதீர்கள். சொல்லிக் கொடுத்த சாட்சியம் என்ற சந்தேகம் வந்தால் உண்மையும் சேர்ந்தே அடிபடும். அவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், உங்களுக்குத் தெரிந்ததைப் போலீசிடம் தெரிவிப்பது சட்டக் கடமை. 2017 சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, தெரிவிக்கத் தவறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். சிறாரின் பெயரையோ படத்தையோ ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். 2001 சிறார் சட்டம் அதைத் தடை செய்கிறது.

உடனடி ஆபத்து என்றால் 999. பேச ஆள் வேண்டும் என்றால் தாலியான் காசே 15999, 24 மணி நேரமும்.

"ஏன் அப்பவே சொல்லல?" என்று நீதிமன்றம் கேட்கும்போது, அது பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறது. பதில் சொல்ல நேரமும் தருகிறது. வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும் என்றால், பதில் வரும் வரை பொறுமையாக இருங்கள்.